நாலாவது கியர்

ஈச்சனாரி தாண்டுகிற வரைக்கும் வசந்தாமணி எதையும் நினைக்கவில்லை. நினைக்க இடம் இருக்கவில்லை. உக்கடத்தில் பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, கிளட்சை அமுக்கி, கொஞ்சம் விட்டு, மறுபடி அமுக்கி, இடது முழங்கால் நெருப்பாகக் காந்த, எவனோ ஒருவன் மொபெட்டில் தக்காளிக் கூடையோடு குறுக்கே புகுந்து திரும்பிப் பார்த்து முறைக்க, அவள் பாட்டுக்கு ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆத்துப்பாலத்தில் சிக்னல் விழுந்தபோது, வண்டி நின்ற அந்தச் சின்ன நேரத்தில் அது வந்துவிடுமோ என்று பயந்து, முன்னால் நின்ற லாரியின் பின்பக்கம் எழுதியிருந்ததையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பச்சை விழுந்தது. தப்பித்தாள். ஆனால் ஈச்சனாரிக் கோவிலைத் தாண்டியதும் ரோடு அகன்று வெயிலில் வெளுத்துக் கிடந்தது. லாரிகள் இடப்பக்கம் ஒதுங்கின. கால் தானாகத் தளர்ந்தது. அப்போது அது வந்தது. "இனிமே இவ்ளோ தூரம் அவரைக் கூட்டிட்டு வர வேண்டாம்மா." சின்னப் பெண்தான் அந்த டாக்டர், மகள் வயதுகூட இருக்காது. ஆஸ்பத்திரி வராந்தாவில், சக்கர நாற்காலிகளை மடக்கி அடுக்கியிருந்த மூலைக்கு அழைத்துப்போய், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். புற்று முதுகெலும்பு முழுக்க இறங்கிவிட்டது, கரண்ட் என்று கதிர்வீச்சு வைத்தது கேட்கவில்லை, இனி வைத்தும் பிரயோசனம் இல்லை, வீட்டிலேயே வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரை தருகிறேன். வசந்தாமணி தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டிருந்தபோதே, அந்தப் பெண்ணின் விரல்கள் இன்னும் தன் கைமேல் இருந்தபோதே, அவளுக்கு முதலில் தோன்றியது புருஷனைப் பற்றி இல்லை. அப்போ நாளைக்கு வண்டி எடுக்கக் கிடைக்காதா? அதுதான். அது மட்டும்தான் முதலில்.

அதை எப்படி எப்படியோ திருப்பிப் போட்டுப் பார்த்தாள். முதலில் அவரைத்தான் நினைத்தோம், வண்டி அதற்குப் பிறகுதான் வந்தது, இரண்டும் ஒட்டி ஒட்டி வந்ததால் மாறித் தெரிகிறது என்று. இல்லை. வண்டிதான் முதலில். அம்மா போன சேதி வந்தபோதும் அடுப்பில் பால் இருக்கிறதே என்றுதான் தோன்றியது. மனுசிக்கு அப்படித்தான் தோன்றும், பெரிய அடி விழும்போது மனசு பக்கத்திலிருக்கும் ஏதாவது ஒரு சின்னதைப் பிடித்துக்கொள்ளும், அது பாவம் இல்லை என்று கொஞ்ச தூரம் சமாதானமாக ஓட்டினாள். மலுமிச்சம்பட்டி வந்தது. பால் பொங்கிவிடும் என்பது கவலை. இது கவலை இல்லை. இது ஆசை. சமாதானம் அங்கேயே அறுந்தது. அவளுடைய முதுகுக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி, அவர் மூச்சு விடுவது கேட்டது. நாச்சிமுத்து. பின்சீட்டை மடக்கிப் போட்டு, மெத்தை விரித்து, தலை அவள் சீட்டை ஒட்டியும் கால் பின்கதவுப் பக்கமும் இருக்கும்படி அவரைப் படுக்க வைத்திருந்தது. அவருக்கு முன்னால் வருவது எதுவும் தெரியாது. பின்கண்ணாடி வழியாகப் போனதுதான் தெரியும். மரம், கடை, மனுசர், எல்லாம் அவருக்குச் சின்னதாகிச் சின்னதாகித்தான் போகும். பேச்சு வரும்போது மட்டும் குரல் எங்கிருந்தோ, ஹேண்ட் பிரேக்குக்குள்ளிருந்து வருகிற மாதிரி வரும். இன்றைக்கு வண்டியில் ஏற்றியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தூங்குகிறாரா? தூங்கினால் மூச்சில் ஒரு இழுப்பு இருக்கும். இப்போது இழுப்பு இல்லை. விழித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்த வண்டி வந்ததே அவருக்காகத்தான். உட்கார முடியாமல் போய்விட்டது அவரால். உட்கார்ந்தால் இடுப்பில் கத்தி இறங்குகிறது என்றார். ஆம்புலன்ஸில் ஒருதரம் போனதில், டிரைவர் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போட்டதில், மில்லில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கின சூப்பர்வைசர் குழந்தை மாதிரி அம்மா அம்மா என்று கத்தினார். பிறகு பெங்களூரில் இருக்கும் மகள் மேகலாதான் எங்கெங்கோ விசாரித்து இதைக் கண்டுபிடித்தாள். ஊட்டியில் நாய் வளர்த்து விற்கிற ஒருத்தரிடம் இருந்தது. இருபது வருசப் பழசு. கம்பெனிக்காரனே இப்போது இப்படி வண்டி செய்வதில்லையாம். டிக்கி என்று தனியாக இல்லாமல், கூரை அப்படியே கடைசிவரை நீண்டு, பின்னால் ஒரு கதவோடு முடிகிற வண்டி. ஸ்டேஷன் வேகன் என்றாள் மேகலா. வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, மங்கிப்போன பச்சை நிறத்தில், நின்ற இடத்தில் படுத்துக்கொண்ட எருமை மாதிரி அது நின்றது. அவருடைய அக்கா ராமாத்தாள் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதென்ன புள்ள, பொண வண்டியாட்டம் இருக்குது" என்றாள், அவர் காதில் விழும்படி. கார்ப்பெட்டுக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாய் நாய் மயிர் வந்துகொண்டே இருந்தது. எத்தனை தட்டினாலும் தீரவில்லை. வெயில் ஏறினால் வாடையும் எழும்பும். முதல்நாள் படுக்க வைத்ததும் மூக்கைச் சுளித்து, "நாய் படுத்த எடந்தான் எனக்குன்னு ஆகிப்போச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் சாம்பிராணி போட்டுப் பார்த்தாள். சாம்பிராணியும் நாயும் சேர்ந்து வேறொரு வாடை ஆயிற்று. இப்போதும் அந்த வாடைதான். அந்த வாடை வந்தால் அவளுக்குக் கை பரபரக்கிறது. அதைச் சொல்ல ஒருத்தரும் இல்லை.

யார் ஓட்டுவது என்று பேச்சு வந்தபோது ஆக்டிங் டிரைவர் ஒருத்தரை வைத்தார்கள். அவரும் தூக்கித்தான் போட்டார். "நான் ஓட்டட்டுமா" என்று அவள் கேட்டது அடுப்படியில் நின்றுகொண்டு, ஊருக்கு வந்திருந்த மேகலாவிடம், மெதுவாக. உள் அறையிலிருந்து அவர் சிரித்த சத்தம் கேட்டது. வலியோடு சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளுக்கு முன்னாலேயே தெரியும். கல்யாணமாகிச் சில வருசத்தில், அவர் முதல் கார் வாங்கியபோது, நானும் கத்துக்கட்டுங்களா என்று கேட்டாள், அன்றைக்குச் சிரித்தார். வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். "எம்பட வூட்டுக்காரிக்கு ஸ்டீரிங் வேணுமாமா." அதற்கப்புறம் இடது சீட்டில், இரண்டு காலுக்கும் நடுவே சாப்பாட்டுக் கூடையை இடுக்கிக்கொண்டு, பழனிக்கும் ஈரோட்டுக்கும் கல்யாணத்துக்கும் இழவுக்கும் போய் வந்தாள். அவர் ஓட்டும்போது பேசக்கூடாது. ஜன்னலைத் திறந்தால் சத்தம், மூடினால் புழுக்கம், இரண்டுக்கும் அவள்தான் திட்டு வாங்குவாள். ரோட்டில் போகிற எல்லாரும் அவருக்கு விரோதி. ஒதுங்காத மாட்டுவண்டிக்காரன், லைட்டைத் தாழ்த்தாத பஸ்காரன், நடுவில் நடக்கிற பொம்பளை. வீடு வந்து இறங்கும்போது இரண்டு பேருக்கும் கழுத்து விறைத்திருக்கும். கார் என்றால் அதுதான் என்று நினைத்திருந்தாள். அப்படித்தான் இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான் என்று. பொள்ளாச்சியில் டிரைவிங் ஸ்கூலில் காலேஜ் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, ஆன்ட்டி ஆன்ட்டி என்று அதுகள் தள்ளிவிடத் தள்ளிவிட ஏறி, லைசென்ஸ் கைக்கு வந்த அன்றைக்கும் அவளுக்குப் பயம்தான் இருந்தது. ஒரு கடமை. மருந்து கொடுப்பது, துணி மாற்றுவது மாதிரி இன்னொன்று.

பிறகு அது எப்போது நடந்தது? இங்கேதான். ஒத்தக்கால்மண்டபம் தாண்டி, இதோ இந்த இறக்கத்தில்தான். அன்றைக்கும் கரண்ட் வைத்துத் திரும்பி வரும்போது. ஸ்டீரிங் கனமான ஸ்டீரிங், மாவாட்டுகிற கை இல்லையென்றால் திரும்பாது. கியர் ராடின் தலைப்பக்கம் எவரெவரோ பிடித்துப் பிடித்து வழவழத்து, உள்ளங்கைக்கென்றே செய்த மாதிரி இருக்கும். முதலாவது முரண்டு பிடிக்கும், இரண்டாவது முனகும், மூன்றாவதில் கொஞ்சம் ஒத்துக்கொள்ளும். நாலாவதுக்குப் போகும்போதுதான். கிளட்சை அமுக்கி, கையைப் பின்னால் இழுத்து, விடும்போது, எஞ்சினின் கத்தல் அப்படியே அடங்கி, எங்கோ கீழே போய் ஒரு முணுமுணுப்பாகி, வண்டி தன் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. யாரோ தூக்கிவிட்ட மாதிரி. அன்றைக்கு அப்படி வழுக்கியபோது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வலதுபக்கத்திலிருந்து வந்து மோத, அந்த நீள வண்டி முழுக்க ஒரு உலுக்கு உலுக்கியது, அவள் பிடித்தாள், அது கேட்டது. அவ்வளவுதான் நடந்தது. பின்னால் கடைசிவரை, அந்தக் கடைசிக் கதவுவரை, வண்டி எங்கே முடிகிறது என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. தன் உடம்பே அவ்வளவு தூரம் நீண்டு ரோட்டில் வருகிற மாதிரி. முன்னால் ஆனைமலை நீலமாய் எழுந்து நின்றது. இவ்வளவு வருசம் பக்கத்துக் கண்ணாடி வழியாக அறுத்து அறுத்துப் பார்த்த மலை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. அதற்கு என்ன பேர் என்று தெரியாமல் கொஞ்ச தூரம் போனாள். சந்தோசம் என்று தெரிந்தபோது பதறிப்போய் வேகத்தைக் குறைத்தாள். ஏனென்றால் அதே நேரத்தில், அதே வண்டிக்குள், பின்னால் அவர் பல்லைக் கடித்து முனகிக்கொண்டிருந்தார்.

இப்போதும் கிணத்துக்கடவு மலைக்கோவில் தெரிய ஆரம்பித்துவிட்டது. ரோடு காலியாக இருக்கிறது. மூன்றாவதில்தான் வருகிறாள். நாலாவது போடலாம். போடக்கூடாது. இன்றைக்காவது போடாமல் போக வேண்டும் என்று மனசு ஒரு பக்கம் சொல்ல, எஞ்சின் மறுபக்கம் கத்துகிறது, மாத்து, மாத்து என்று. வண்டி பாவம் என்று மாற்றினாள். வழுக்கியது. வந்துவிட்டது, சனியன், இன்றைக்குமா, இன்றைக்குக்கூடவா. டாக்டர் சொன்ன வார்த்தை மடியில் கிடக்கிறது, அதற்கு மேலேயே அதுவும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அழுகையாவது வருமா என்று முகத்தை இறுக்கிப் பார்த்தாள். கண் எரிந்தது, தண்ணீர் வரவில்லை. வீட்டில் ராமாத்தாள் காத்திருப்பாள். சேதியைச் சொன்னதும் வாசலிலேயே விழுந்து அழுவாள். அது அழுகை. அந்த மாதிரி அழ வேண்டும். தம்பி, என் சாமி என்று. அப்புறம் ஆட்கள் வருவார்கள், பின்கதவைத் திறந்து பெட்ஷீட்டோடு தூக்கி உள்ளே கொண்டு போவார்கள், கதவைச் சாத்துவார்கள். வண்டி வாசலில் நிற்கும். நாலு நாள் நின்றால் பேட்டரி இறங்கிவிடும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். பேட்டரி. பார், மறுபடி. அவருக்கு என்ன ஆகும் என்று நினைக்கப் போனால் பேட்டரிக்கு என்ன ஆகும் என்று வந்து நிற்கிறது. ஒருவேளை இவர் சீக்கிரம் போய்விடக் கூடாது என்று தான் இத்தனை நாள் வேண்டிக்கொண்டதே அவருக்காக இல்லையோ? ஆஸ்பத்திரி வேண்டும், கரண்ட் வேண்டும், இந்த ரோடு வேண்டும் என்றுதான் வேண்டினாளோ? குணமாகி எழுந்திருந்தால்? எழுந்திருந்தால் சாவியை அவர் வாங்கிக்கொண்டிருப்பார். அப்படியும் ஒருநாள் நினைத்திருக்கிறாள். கோவில்வாசலில் திருநீறு பூசிக்கொண்டே நினைத்திருக்கிறாள். உள்ளங்கை வேர்த்து ஸ்டீரிங்கில் வழுக்கியது.

"என்ன சொல்லுச்சு அந்தப் புள்ள?"

குரல் வந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டி லேசாக அலைந்தது.

"மாத்திர மாத்தியிருக்குதுங்க."

"அதுக்கா அத்தன நேரம்?"

"எப்புடிக் குடுக்கோணும்னு சொல்லிக் குடுத்துச்சுங்க. காலைல ஒண்ணு, பொழுதோட ஒண்ணு."

பொய் ஒன்றும் இல்லை, மாத்திரை உண்மைதானே என்று நினைத்துக்கொண்டாள். முன்னாலிருந்த ஒரு கல்யாண மண்டபத்தின் வாழைமரம் வந்தது, போனது. இப்போது அது அவருக்குத் தெரியும். வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேகலா கல்யாணத்தை நினைப்பாரோ. முப்பது வருசம் மில்லில் மிஷின் சத்தத்தைக் கேட்டே நூல் சுற்றுகிற எந்தக் கதிரில் இழை அறுந்தது என்று சொல்லுகிற மனுசர். இந்தக் குரலில் எது அறுந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

கோவில்பாளையத்துக்கு முன்னால், "ஓரங்கட்டு" என்றார். ஓரமாக நிறுத்தி, இறங்கிச் சுற்றிவந்து, பின்கதவைத் தூக்கித் திறந்தாள். வெயில் முகத்தில் அறைந்தது. உள்ளே முழங்காலில் தவழ்ந்துபோய், வேட்டியை விலக்கி, பிளாஸ்டிக் குடுவையை வைத்துப் பிடித்தாள். வரவில்லை. காத்திருந்தாள். பக்கத்தில் லாரி ஒன்று போனபோது வண்டி முழுக்க ஆடியது, அவர் அவள் தோளைப் பிடித்துக் கடித்த பல்லுக்குள் "ஐயோ" என்றார். விரல் ஐந்தும் பதிந்தன. தொடை எங்கே போயிற்று என்று அவள் பார்த்தாள்; எலும்பின்மேல் தோலைப் போர்த்தி வைத்த மாதிரி, மஞ்சளாய், அதன்மேல் ஒரு வெள்ளை நாய் மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து வெளியே ஊதினாள். கொஞ்சமாய் வந்தது, காவி நிறத்தில். அதைத் தென்னந்தோப்பு வேலியோரம் ஊற்றி, கேன் தண்ணீரால் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, அவர் நெற்றியையும் துடைத்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தலைகீழாக இல்லாமல், நேருக்கு நேராக, வண்டிக்குள் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பது இப்படி நிறுத்தும்போது மட்டும்தான். கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தது. அதில் பயம் இருந்தது. இத்தனை வருசத்தில் அவள் அந்தக் கண்ணில் பார்க்காதது அது ஒன்றுதான். "மாத்திர ஒண்ணு தரட்டுங்களா?" என்றாள். "தூக்கம் வரும். வேண்டாம். போலாம்" என்றார்.

வண்டியை எடுத்தாள். முதலாவது முரண்டு. இரண்டாவது. அந்தக் கண்ணைப் பார்த்தபின் இனி அது வராது என்று நிச்சயமாக இருந்தது. அதற்கு வெட்கம் மானம் கொஞ்சமாவது இருக்கும், இந்த மனுசரின் மூத்திரத்தைக் கையில் பிடித்துவிட்டு வந்தவளிடம் வராது. தாமரைக்குளம் தாண்டியாயிற்று, கோவில்பாளையம் தாண்டியாயிற்று, இருபுறமும் தென்னை நெருங்கி நிழல் ரோட்டில் ஏணி மாதிரி விழுந்து விழுந்து ஓடியது. மூன்றாவது. நிழல், வெயில், நிழல், வெயில், கண்ணிமைக்கு மேல் யாரோ தட்டுகிற மாதிரி. நாலாவது. வழுக்கியது. வந்துவிட்டது. வழக்கத்தைவிட அதிகமாகவே வந்தது, முழங்காலிலிருந்து தொண்டைவரை. தடுத்து நிறுத்த ஒன்றும் இல்லை. வெட்கம் தனியாக இருந்தது, அது தனியாக இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

"மறுபடியும் போட்டுட்ட" என்றார் பின்னாலிருந்து.

"என்னதுங்க?"

"அந்தச் சத்தம்."

"வண்டிலயா? எந்தப் பக்கங்க?"

"வண்டில இல்ல. நீ." மூச்சு வாங்கினார். "நாலாவது போடறப்ப எல்லாம் ஒரு சத்தம் போடற. ம்… அப்படீன்னு. பசிக்கறவன் மொத வாய் எடுத்து வச்சாப்ல. தெனமும் கேட்டுட்டுத்தான் வரேன்."

அவளுக்குக் காதுக்குள் வெப்பம் ஏறியது. சத்தமா? நானா? வாயை மூடிக்கொண்டுதானே வந்தேன். வாயை மூடினால் போதும் என்றுதானே நினைத்தேன். முகம் அவருக்குத் தெரியாது, அதனால் இந்த வண்டிக்குள் தான் என்ன நினைத்தாலும் அது தன்னோடு என்று, முன்சீட்டு தனி அறை என்று, இத்தனை நாள் இருந்தாளே. இத்தனை நாளும் ஒரு சாண் பின்னால் காது வைத்துக்கொண்டு படுத்திருந்தாரா. வலியில் முனகியபோதெல்லாம் கேட்டாரா. என்ன நினைத்திருப்பார். நான் இங்கே செத்துக்கொண்டிருக்கிறேன், இவள் முன்னால் உட்கார்ந்து ருசி பார்க்கிறாள் என்றா. ஏதாவது சொல்ல வேண்டும், இல்லீங்க, அது பெருமூச்சுங்க, முழங்கால் வலிங்க என்று. அதில் எதை எடுத்தாலும் அவர் காதில் நிற்காது.

"கல்யாணம் பண்ணி இத்தன வருசத்துல" என்று தொடங்கி நிறுத்தினார். பின்கண்ணாடியில் தென்னைகள் அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. "எங்கிட்ட ஒருக்கா கூட அந்தச் சத்தம் வந்ததில்ல."

அதில் கோபம் இருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். கோபத்தை எப்படித் தாங்குவது என்று அவள் உடம்புக்கே பழக்கம். இதில் கோபம் இல்லை. ஒரு மனுசர் தன் வீட்டில் இத்தனை நாள் இருந்த ஒன்றைக் கடைசியில் கண்டுபிடித்துச் சொல்கிற மாதிரி, வறண்டு இருந்தது. அதுதான் தாங்கவில்லை. இடது பக்கம் ஒரு சைக்கிள்காரர் அலைந்து போனார். அவருக்கு இடம் விட்டு ஒதுங்கினாள். கை அதன் வேலையைச் செய்தது. இல்லை என்று சொல்லலாம். வந்திருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை என்று சொல்லலாம். எப்போது வந்தது? தேடினாள். மேகலா பிறந்தபோது, புது வீடு கட்டியபோது, ஒருநாள் மழையில் மில் வாசலில் குடையோடு நின்றபோது. தேடத் தேட எல்லாவற்றிலும் அவள் இடது சீட்டில் கூடையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொய் சொல்லக் கூடாது. ஒரு பொய் ஏற்கெனவே இந்த வண்டிக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது, இரண்டாவதுக்கு இடமில்லை.

"ஏனுங்க" என்றாள். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் சொன்னாள். "இனிமே வர வேண்டாம்னுட்டாங்க. கரண்ட் வச்சது கேக்கலியாமா. வூட்லயே வச்சுப் பாத்துக்கச் சொல்லிட்டாங்க."

பின்னால் மூச்சுகூடக் கேட்கவில்லை. ஒரு பயம் சுண்டி இழுத்தது, இருக்கிறாரா என்று. கையைப் பின்னால் நீட்டினாள், சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே, தட்டுத் தடுமாறி. அவர் தலை கிடைத்தது. வேர்த்து, சூடாக, மயிர் உதிர்ந்து, தேங்காய் மாதிரி. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினாள். அந்தத் தலையை அவள் அப்படிப் பிடித்ததே இல்லை. உள்ளங்கைக்குக் கீழே தாடை அசைவது தெரிந்தது. எதையோ மென்று விழுங்குகிற மாதிரி. ஆச்சிப்பட்டியின் முதல் வீடுகள் வந்தன. ஒரு பேக்கரி, ஒரு பெட்ரோல் பங்க், துணி காய்கிற ஒரு மாடி.

"ரெண்டு கையிலயும் புடி" என்றார்.

கையை எடுத்தாள்.

"வூட்டுக்குள்ள எறக்குனா, பொறவு நான் இதுல ஏற மாட்டேன்" என்றார். கேள்வி இல்லை அது.

அவள் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப மெதுவாப் போ."

அவள் கிளட்சை அமுக்கினாள். நாலிலிருந்து மூன்று. மூன்றிலிருந்து இரண்டு. இடப்பக்கமாக ஒதுங்கி, வண்டி நடக்கிற மாதிரி போனது. பின்னால் வந்த பஸ் ஹாரனை விடாமல் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போயிற்று. லாரி போயிற்று. மினி ஆட்டோ போயிற்று, பள்ளிக்கூட வேன் போயிற்று, நார் மூட்டை ஏற்றிய டிராக்டர்கூட முன்னேறிப் போனது. டிராக்டர்காரர் திரும்பி, இந்த நீள வண்டிக்கு என்ன கேடு என்று பார்த்தார். பொள்ளாச்சி நெரிசலை ஊர்ந்து கடந்து, உடுமலை ரோட்டில் ஏறிய பின்னும் அவள் இரண்டாவதை விடவில்லை. எஞ்சின் முனகியது. அவர் எதையும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. எதுவும் வேகமாகச் சின்னதாகாது இப்போது, ஒவ்வொரு மரமும் அவரிடம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போகும். புளியமரம், மோட்டார் ரூம், பச்சைக் கொடி கட்டின ஒரு டீக்கடை, ரோட்டோரம் ஆடு பிடித்து நின்ற ஒரு பொம்பளை. அந்தப் பொம்பளை கண்ணுக்கு மேல் கையை வைத்து அவரையே பார்த்தாள் போலிருக்கிறது. "யாரது, நம்மூரா?" என்றார். "தெரியலீங்க" என்றாள். அவளுக்கு ஒன்று விளங்காமல் இருந்தது. நாலாவது இல்லை, வழுக்கல் இல்லை, காற்றில்லை, வெறும் புழுக்கமும் நாய் வாடையும் முழங்கால் வலியும்தான்; ஆனாலும் அது போகவில்லை. ஒரு ஓரமாய் இருந்தது. அழுகை வந்தபோதும் அது நகர்ந்து இடம் கொடுத்ததே தவிர இறங்கிப் போகவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை. இரண்டு கையிலும் பிடித்திருந்தாள்.

ஊருக்குப் பிரிகிற ரோடு தூரத்தில் தெரிந்தது. காற்றாலைகள் அதற்கப்பால் சோம்பலாய்ச் சுற்றிக்கொண்டிருந்தன.

"வண்டிய மாப்பிள்ள வித்துக் குடுத்துருவாரு" என்றார். "கேட்டா அவருகிட்டக் குடுத்துரு."

"இல்லீங்க" என்றாள். அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. "குடுக்க மாட்டேனுங்க. நான் வச்சுக்கறேன்."

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தாள். உள் அறையிலிருந்து வந்த அந்தச் சிரிப்பு. அது வரவில்லை. ஒரு குழியில் முன்சக்கரம் இறங்கி ஏறியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வலி ஒருதரம் முழுக்கச் சுற்றி வந்து அடங்குகிறவரைக்கும் பேசாமல் இருந்தார். பிறகு, மில்லில் ஒரு மிஷினின் பக்கத்தில் நின்று காது கொடுத்துவிட்டு ஆளிடம் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"முன்னால ரெண்டு டயரையும் மாத்தோணும் புள்ள. வழுவழுன்னு ஆயிப்போச்சு, ஓடற சத்தத்துலயே தெரியுது. மழ புடிக்கறதுக்குள்ள மாத்திப் போடு. ஈரத்துல இழுத்துட்டுப் போயிரும்."

"சரீங்க" என்றாள் வசந்தாமணி. இண்டிகேட்டரைப் போட்டு, எதிரே வந்த பஸ் போகட்டும் என்று நிறுத்திக் காத்திருந்து, பின்னால் படுத்திருப்பவர் அலுங்காமல், ஊர் ரோட்டுக்குள் அகலமாக வளைத்துத் திருப்பினாள்.